அலமோவின் மண்வீடுகள்: மேசையில் மீண்டெழும் சுவர்கள்

சதுரங்கப் பலகையில் அரசன் இருக்கிறான், மந்திரி இருக்கிறான், யானையும் குதிரையும் காலாளும் உண்டு. ஆனால் மக்கள் குடியிருக்கும் வீடு ஒன்று கூட அதில் இல்லை. போரை விளையாட்டாக்கிய நம் முன்னோர், படைகளை மட்டுமே பலகைக்குக் கொண்டுவந்தனர். படைகள் மோதிக்கொள்ளும் ஊரைக் கொண்டுவரவில்லை.

ஐரோப்பியர் இந்த விளையாட்டை வேறொரு திசையில் வளர்த்தனர். 1812 ஆம் ஆண்டில் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு வான் ரைஸ்விற்ஸ் என்ற பிரபு ஒரு மேசையை அமைத்துக் கொடுத்தார். நிலத்தின் மேடு பள்ளங்களை அந்த மேசையின் மீதே மாற்றி மாற்றி அடுக்கிப் போர்ப் பயிற்சி செய்யலாம். அவருடைய மகன் அதனைத் திருத்தி, 1824 இல் விதிகளுடன் வெளியிட்டார். பிரஷ்ய இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கு அது பயன்பட்டது. பிரித்தானிய எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913 இல் எழுதிய ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற சிறு நூல், அதிகாரிகளின் பயிற்சியாக இருந்ததைச் சாதாரண மனிதனின் பொழுதுபோக்காக மாற்றியது. ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, அட்டையாலும் மரக்கட்டைகளாலும் செய்த வீடுகளுக்கிடையே அவர் போர் நடத்தினார். உண்மையான போர் எத்தகைய அறிவீனம் என்பதை இந்தச் சின்னப் போர் உணர்த்தும் என்றும் அவர் நம்பினார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது.

வெல்ஸின் தரையிலிருந்து மேசைக்கு ஏறிய அந்தப் பொழுதுபோக்கு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதற்கெனச் செய்யப்படும் சின்னஞ்சிறு கட்டடங்களுள் மிகப் பரவலாகக் காணப்படுவனவற்றுள் ஒன்று, மண்ணிறச் சுவரும் தட்டைக் கூரையும் கொண்ட மண்வீடு. ‘அடோபி’ வீடு என்று அதனை அழைக்கின்றனர். ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றி இத்தனை எழுத வேண்டுமா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஒரு நாட்டின் வரலாறு தன் நினைவிலிருந்து உதிர்த்துவிட்ட சுவர்களை இந்தச் சிறு வீடுகள் எவ்வாறு மீட்டன என்பதையும், எதனை மீட்கத் தவறின என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல்லின் பயணம்

அடோபி என்பது சுடாத செங்கல். களியும் மணலும் வைக்கோலும் கலந்த சேற்றை மரச் சட்டத்தில் இட்டு, வெயிலில் உலர்த்தி எடுப்பது. இந்தச் சொல்லின் பயணமே ஒரு வரலாறு. பண்டைய எகிப்தியர் செங்கல்லுக்கு வழங்கிய ‘ஜெபெத்’ என்ற சொல், கொப்ரிக் மொழியில் ‘தோபே’ ஆயிற்று. அரபு மொழி அதனை ‘தூப்’ என்று ஏற்று, தனது முன்னொட்டைச் சேர்த்து ‘அத்தூப்’ என்றது. அரபியர் ஆண்ட ஸ்பெயினில் அது ‘அடோபே’ என்று மருவியது. ஸ்பானியர் அதனைக் கப்பலேற்றி அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டு சென்றனர். ஆனால் சொல் போய்ச் சேருமுன்பே பொருள் அங்கே இருந்தது. பெருவிலும் மெக்ஸிகோவிலும் வாழ்ந்த பழங்குடி மக்கள் ஸ்பானியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வெயிலில் உலர்த்திய மண்கற்களால் கோயில்களையும் வீடுகளையும் எழுப்பியிருந்தனர்.

அடோபியின் பலமும் பலவீனமும் ஒன்றே, அது மண். தடித்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாது. இரவில் மெல்ல மெல்ல வெப்பத்தை வெளியிடும். பீரங்கிக் குண்டு பட்டால் கல்லைப் போலச் சிதறித் தெறிக்காமல் குண்டைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். ஆனால் மழைக்கு அது தாங்காது. கூரையிலிருந்து வழியும் நீர் சுவரின் தலையைக் கரைக்கும். நிலத்தில் விழுந்து தெறிக்கும் நீர் அதன் அடியை அரிக்கும். எனவே ஆண்டுக்காண்டு மண்ணோ சுண்ணாம்போ பூசிப் பேண வேண்டும். பொங்கலுக்கு முன் மண்சுவர்களையும் திண்ணைகளையும் மெழுகிய நமது கிராமத்துப் பெண்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மனிதர் வெளியேறிய மண்வீடு சில மாரிகளில் மீண்டும் மண்ணாகிவிடும்.

சின்ன வீட்டின் இலக்கணம்

மேசை விளையாட்டுக்காரர் இந்த வீட்டை விரும்புவதற்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, அதைச் செய்வது எளிது. சாய்ந்த கூரையும் ஓடும் கிடையாது. நான்கு சுவர்கள், ஒரு தட்டைக் கூரை. மற்றது, அதே வீடு பல போர்களுக்குப் பொருந்தும். இன்று மெக்ஸிகோவின் கிராமமாக இருப்பது நாளை சூடானின் கார்ட்டூமாகவும், மறுநாள் ஆப்கானிஸ்தானாகவும், அடுத்த வாரம் ஈராக்காகவும் உருமாறும். மண்ணில் வாழ்ந்த எல்லா மக்களையும் ஒரே கூரையின் கீழ் அடக்கிவிடும் வசதி அது.

செய்முறை பெரும்பாலும் இவ்வாறு அமையும். நமது நாட்டில் ரெஜிபோம் என்று வழங்கும் நுரைப்பலகையையோ தடித்த அட்டையையோ வெட்டிச் சுவர்களை ஒட்டுவார்கள். விளிம்புகளைக் கூராக விடாமல் மணற்தாளால் தேய்த்து மழுக்குவார்கள். மழை தின்ற மண்சுவருக்குக் கூரிய மூலை இருக்க முடியாது. வெள்ளைப் பசையில் மெல்லிய மணலைக் குழைத்துப் பூசுவார்கள். மூங்கில் குச்சிகளைத் துண்டாக்கிக் கூரைக்குச் சற்றுக் கீழே வரிசையாகச் செருகினால், சுவருக்கு வெளியே நீளும் உத்தரங்கள் தயார். பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளேயிருக்கும் கற்கள் தெரியவேண்டும் என்பதற்காக அட்டையில் சிறு துண்டுகள் வெட்டி ஒட்டுவார்கள். நியூ மெக்ஸிகோவில் இன்று வழங்கும் அடோபிக் கல் 14 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் கொண்டது. 28 மில்லிமீற்றர் உயரச் சிப்பாய்களுக்குப் பொருந்தும் 1/56 அளவில் அதே கல் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் ஆகிவிடும். கடைசியில் கடும் பழுப்பு நிறம் தீட்டி, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தை மேலே தடவி விடுவார்கள்.

கூரையை மட்டும் ஒட்ட மாட்டார்கள். அது கழற்றி வைக்கக் கூடியதாக இருக்கவேண்டும். அப்போதுதான் சிப்பாய்களை உள்ளே நிறுத்தலாம். அவ்வாறு கூரையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பொதுவாக எதுவும் இருப்பதில்லை. அடுப்பு இல்லை, பாய் இல்லை, தொட்டில் இல்லை.

வீடுகள் கோட்டையான கதை

இத்தகைய சின்ன வீடுகள் அதிகம் செய்யப்பட்ட போர்க்களங்களுள் ஒன்று, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரிலுள்ள அலமோ. உலகம் அதனை ஒரு கோட்டையாகவே அறியும். ஆனால் அது கோட்டையாகக் கட்டப்பட்டதல்ல.

1718 இல் ஸ்பானியப் பிரான்சிஸ்கன் துறவிகள் சான் அன்டோனியோ டி வலேரோ என்ற பெயரில் ஒரு மறைப்பணித் தளத்தை நிறுவினர். 1724 இல் அது இப்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட பழங்குடி மக்களுக்காக ஒரு பெரிய முற்றத்தின் ஓரங்களில் வரிசையாக வீடுகள் கட்டப்பட்டன. கல்லும் அடோபியும் கலந்த வீடுகள் அவை. கற்கோயில் ஒன்றும் தொடங்கப்பட்டது. அது முழுமை பெறவேயில்லை. 1793 இல் மறைப்பணித் தளம் கலைக்கப்பட்டபோது, எஞ்சியிருந்த பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1803 இல் கொவாஹுய்லா மாகாணத்தின் அலமோ டி பராஸ் என்ற ஊரைச் சேர்ந்த குதிரைப்படைப் பிரிவொன்று அங்கு வந்து தங்கியது. அந்தப் படையின் ஊர்ப்பெயரே பின்னர் இடத்தின் பெயராக நிலைத்தது எனக் கூறப்படுகிறது. அலமோ என்றால் ஸ்பானிய மொழியில் பொப்லர் இன மரம்.

படையினரின் குடும்பங்களும் பழங்குடியினரின் வழித்தோன்றல்களும் அந்த முற்றத்தைச் சுற்றி வாழ்ந்தனர். அவர்களுள் ஒரு குடும்பம் லொசோயா குடும்பம். அவர்களுடைய வீடு முற்றத்தின் தென்மேற்கு மூலையில் இருந்தது. ஹொசே தொரிபியோ லொசோயா 1808 இல் அங்கேதான் பிறந்தார். வளர்ந்ததும் மெக்ஸிகோ இராணுவத்தின் அலமோ பிரிவிலேயே சிப்பாயானார்.

1835 இல் மெக்ஸிகோவின் ஆட்சியாளர் சாண்டா அன்னா, மாகாணங்களின் அதிகாரங்களைப் பறித்து எல்லாவற்றையும் தலைநகரில் குவிக்க முற்பட்டார். பல மாகாணங்களில் எதிர்ப்புக் கிளம்பியது. டெக்சாஸ் அவற்றுள் ஒன்று. ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியோரும், ‘தெஹானோ’ எனப்படும் ஸ்பானிய மொழி பேசும் டெக்சாஸ் மக்களுள் ஒரு பகுதியினரும் கிளர்ச்சியில் இணைந்தனர். குடியேறியோரின் காரணங்கள் யாவும் சுதந்திர வேட்கை மட்டுமல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மெக்ஸிகோ 1829 இல் அடிமை முறையை ஒழிப்பதாக அறிவித்திருந்தது. குடியேறியோருள் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். 1836 மார்ச்சில் அவர்கள் இயற்றிய அரசியலமைப்பு அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

லொசோயா மெக்ஸிகோ இராணுவத்தை விட்டு நீங்கி, தெஹானோ தலைவர் ஹுவான் செகீனின் அணியில் சேர்ந்தார். 1835 டிசெம்பரில் சான் அன்டோனியோ நகருக்குள் நடந்த சண்டை வீடு வீடாக நடந்தது. வீதியில் இறங்கினால் பீரங்கி பிளந்துவிடும் என்பதால், கிளர்ச்சியாளர் ஒரு வீட்டின் சுவரை உடைத்து அடுத்த வீட்டினுள் புகுந்து முன்னேறினர். அப்போது அங்கு சரணடைந்த மெக்ஸிகோ படை விட்டுச்சென்ற அலமோ, கிளர்ச்சியாளரின் கைக்கு வந்தது. வீட்டுச் சுவர்களே கோட்டைச் சுவர்களாயின. தென்மேற்கு மூலையில், லொசோயா குடும்பத்தின் வீடு இருந்த இடத்தில், 18 இறாத்தல் குண்டு வீசும் பெரிய பீரங்கி ஏற்றி நிறுத்தப்பட்டது. கிளர்ச்சியாளரிடம் இருந்த மிகப் பெரிய பீரங்கி அதுவே.

1836 மார்ச் 6

பெப்ரவரி 23 ஆம் திகதி சாண்டா அன்னாவின் படை வந்து சூழ்ந்தது. முற்றுகை 13 நாட்கள் நீடித்தது. ஏறக்குறைய 400 மீற்றர் சுற்றளவுள்ள அந்த வளாகத்தைக் காக்க இருந்தவர்கள் சுமார் இருநூறு பேர். வடக்குச் சுவர் மிகப் பலவீனமானது. மரங்களை அடுக்கி மண் நிரப்பி அதற்கு முட்டுக்கொடுத்திருந்தனர். மார்ச் 6 ஆம் திகதி விடியுமுன் நடந்த தாக்குதலில், அந்த மரங்களின் இடைவெளிகளையே படிகளாகப் பற்றி மெக்ஸிகோ சிப்பாய்கள் ஏறி உள்ளே குதித்தனர். பெரிய பீரங்கி அவர்கள் வசமாகி, கற்கட்டட அறைகளுக்குள் ஒதுங்கியவர்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. சூரியன் உதித்துச் சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்தது. ட்ராவிஸ், போவி, க்ரொக்கெட் ஆகிய மூவரின் பெயர்கள் உலகப் புகழ் பெற்றன. தாம் பிறந்த முற்றத்திலேயே மாண்ட லொசோயாவின் பெயர் நெடுங்காலம் பேசப்படவில்லை.

கிரகோரியோ எஸ்பார்சா என்ற தெஹானோவும் அங்கே மடிந்தார். அவருடைய சகோதரர் பிரான்சிஸ்கோ எதிர்த்தரப்பில், மெக்ஸிகோ படையைச் சார்ந்தவர். மாண்ட கிளர்ச்சியாளரின் உடல்கள் குவித்து எரிக்கப்பட்டபோது, தம்முடைய சகோதரரின் உடலைத் தேடி எடுத்து அடக்கம் செய்ய அவர் அனுமதி கேட்டுப் பெற்றார். ஒரு தாயின் இரு பிள்ளைகள் சுவரின் இருபுறமும் நின்ற போர் அது. கோயிலின் அறைகளில் ஒதுங்கியிருந்த பெண்களும் குழந்தைகளும் உயிர் தப்பினர். கிரகோரியோவின் மகன் என்ரிக்கே அவர்களுள் ஒருவர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதியவராக அவர் பத்திரிகைகளுக்கு அளித்த பேட்டிகள், உள்ளே இருந்த குடும்பங்களைப் பற்றிய அரிய சாட்சியங்களாக விளங்குகின்றன.

மண் போயிற்று, கல் நின்றது

ஏப்ரல் 21 ஆம் திகதி சான் ஹசின்டோவில் சாண்டா அன்னா தோற்று, மறுநாள் சிறைப்பட்டார். மே மாதத்தில் அலமோவை விட்டு வெளியேறிய மெக்ஸிகோ படை, போகும்போது சுவர்களை இடித்துச் சென்றது. எஞ்சியதை மழையும், பின்னர் வளர்ந்த நகரமும் எடுத்துக்கொண்டன. கற்கோயிலும், நீண்ட கற்கட்டடம் ஒன்றும் மட்டுமே நிலைத்தன. 1850 இல் ஐக்கிய அமெரிக்க இராணுவம் அக்கோயிலைப் பண்டகசாலையாக்கியபோது, முகப்பின் உச்சியில் ஒரு வளைவைக் கட்டியது. இன்று உலகம் அலமோ என்று அடையாளம் காணும் வடிவம் அதுவே. போரில் மாண்டவர் எவரும் அந்த வளைவைக் கண்டதில்லை.

நீண்ட கட்டடமும் தப்பியது அரும்பாடுபட்டே. அது பிற்காலக் கட்டடம் என்று கருதியோர் அதனை அகற்ற விரும்பினர். டெக்சாஸ் குடியரசின் முதலாவது துணை ஜனாதிபதியான லொரென்சோ டி சவாலாவின் பேத்தி அடினா டி சவாலா, 1908 பெப்ரவரியில் அதற்குள் புகுந்து கதவடைத்து மூன்று நாட்கள் தங்கிப் போராடினார். சண்டையின் கொடிய பகுதி அங்கேதான் நடந்தது என்பது அவருடைய வாதம். வரலாற்று ஆய்வு அவர் பக்கமே நின்றது. ஆயினும் மேல்மாடிச் சுவர்கள் சில ஆண்டுகளில் அகற்றப்பட்டன.

கல்லுக்கே இக்கதி என்றால் மண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. வீடுகள் நின்ற மேற்குப் பக்கத்தில் கடைகள் எழுந்தன. 1954 டிசெம்பரில் டிஸ்னி நிறுவனத்தின் டேவி க்ரொக்கெட் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதும், அமெரிக்கச் சிறுவரிடையே அலமோ மோகம் பரவியது. லூயிஸ் மார்க்ஸ் நிறுவனம் தகரத்தில் அச்சிட்ட சுவர்களும் பிளாஸ்டிக் சிப்பாய்களும் கொண்ட அலமோப் பெட்டியை விற்றது. அந்தச் சுவர்கள் கோட்டைச் சுவர்கள், வீடுகள் அல்ல. 1960 இல் வெளியான ஜோன் வெயினின் திரைப்படத்துக்காக டெக்சாஸின் பிராக்கெற்வில் அருகே ஓர் அலமோவே கட்டப்பட்டது. அதற்கான அடோபிக் கற்களை மெக்ஸிகோவிலிருந்து வந்த தொழிலாளர் செய்து கொடுத்தனர். உண்மையான மண்வீடுகள் இல்லாத ஊரில், நடிப்புக்காக உண்மையான மண்கல் அறுக்கப்பட்டது.

மேசை கேட்ட கேள்வி

மாற்றம் எதிர்பாராத இடத்திலிருந்தும் வந்தது. கதை எழுதுபவர் மேற்குச் சுவரைப் பற்றி ஒரு வரியில் கடந்து போகலாம். ஓவியர் அதனைப் புகையால் மறைத்துவிடலாம். ஆனால் அலமோவை மேசைமீது அமைப்பவருக்கு அந்த வசதி இல்லை. இந்த மூலையில் சுவர் எவ்வளவு உயரம்? கதவு எந்தப் பக்கம்? கூரைமீது சிப்பாய் நிற்க முடியுமா? பதில் தெரியாமல் ஒரு சுவரையும் வெட்ட முடியாது. ஆகவே மாதிரி செய்வோர் மூல ஆவணங்களைத் தேடினர். கிளர்ச்சியாளரின் பொறியியலாளர் கிறீன் ஜேமிசன் விட்டுச்சென்ற விவரங்கள், மெக்ஸிகோ அதிகாரி சான்செஸ் நவாரோ வரைந்த திட்டப்படங்கள், பழைய காணி உறுதிகள், அகழாய்வுக் குறிப்புகள் ஆகியவற்றை வரலாற்றாசிரியருடன் சேர்ந்து இவர்களும் துருவினர். மார்க் லெமன் என்பவர் முழு வளாகத்தையும் மாதிரியாகக் கட்டி, அதன் புகைப்படங்களைக் கொண்டே 1836 இன் அலமோவைச் சித்திரிக்கும் நூலொன்றை 2008 இல் வெளியிட்டார். அதில் கோயில் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடுகிறது. வளாகத்தின் பெரும்பகுதி ஒரு கிராமம் போலவே தோற்றமளிக்கிறது. 2016 இல் அங்கு நடந்த அகழாய்வில், மேற்குச் சுவரின் பகுதியாக இருக்கலாம் எனக் கருதப்பட்ட அடோபிக் கற்கள் நிலத்தடியில் வெளிப்பட்டமை இங்கு குறிப்பிடத்தக்கது.

எனினும் மேசைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த முற்றத்தின் நீளம் ஏறக்குறைய 137 மீற்றர். 1/56 அளவில் அது இரண்டரை மீற்றராகும். சாதாரண வீட்டு மேசையில் அது அடங்காது. எனவே விளையாடுவோர் முற்றத்தைச் சுருக்குகின்றனர். கோயிலைச் சுருக்க மனம் வருவதில்லை. வீடுகளின் எண்ணிக்கையே குறைகிறது. எஞ்சும் வீடுகளுக்கும் விதிநூல் ஒரு பெயரை மட்டுமே வைத்திருக்கிறது: ‘மறைப்பு’. சுவர் எத்தனை குண்டுகளைத் தாங்கும், உள்ளே எத்தனை சிப்பாய்கள் நிற்கலாம் என்பன மட்டுமே கணக்கு. தென்மேற்கு மூலைக்கு ‘18 இறாத்தல் பீரங்கி நிலை’ என்று பெயர்.

போரின் சொற்களோடு நீண்ட காலம் புழங்கிய பத்திரிகையாளன் எவனுக்கும் இந்தப் பெயர்மாற்றம் பழக்கமானதே. ‘நிலை கைப்பற்றப்பட்டது’ என்று படைத்தரப்பு அறிக்கை சொல்லும். அந்த நிலைக்கு ஒரு கூரை இருந்தது, ஒரு கிணறு இருந்தது, ஓர் உறுதி இருந்தது, அதில் ஒரு குடும்பத்தின் பெயர் இருந்தது என்பதை அறிக்கை சொல்லாது. ஈழத்தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வென்ற தரப்பில் நின்ற தெஹானோக்களும் வீடிழந்தனர். தூதராக அலமோவிலிருந்து அனுப்பப்பட்டதால் உயிர் தப்பிய ஹுவான் செகீன், 1837 இல் மாண்டவர்களின் சாம்பலை மரியாதையுடன் அடக்கம் செய்தார். பின்னர் சான் அன்டோனியோவின் நகர முதல்வருமானார். ஆனால் துரோகி என்ற பழி சுமத்தப்பட்டு 1842 இல் மெக்ஸிகோவுக்கு ஓட நேர்ந்தது. தாம் எந்த நாட்டுக்காகப் போரிட்டாரோ அந்த நாட்டிலேயே அவர் அந்நியராக்கப்பட்டார்.

இன்று சான் அன்டோனியோவில் லொசோயா என்ற பெயரில் ஒரு வீதி உண்டு. அருங்காட்சியக விளக்கங்களிலும் தெஹானோக்களின் பெயர்கள் இடம்பெறுகின்றன. இந்த மாற்றத்துக்கு வரலாற்றாசிரியரும் அந்தச் சமூகத்தினருமே முதற்காரணர். அழிந்த சுவரின் உயரத்தைக் கேட்ட மாதிரிக் கலைஞருக்கும் அதில் ஒரு சிறு பங்குண்டு. சுவர் எங்கே நின்றது என்று கேட்பவர், அதற்குள் யார் இருந்தார் என்ற கேள்வியிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

மேசைமீதுள்ள மண்வீட்டின் கூரையைக் கழற்றுபவர், ஒரு சிப்பாயை வைப்பதற்கு முன் அதனுள் ஓர் அடுப்பையும் செய்து வைப்பாராயின், விளையாட்டின் விதி எதுவும் மீறப்படாது.